முதல் பெட்டியில் இருந்த எழுத்து

உண்மையான புயல் எச்சரிக்கை ஒன்றை, 'இது வெறும் பயிற்சி' என்று வானொலியில் வாசித்தவன் நான். அதை நம்பிக் கடலுக்குப் போன ஒருவன் உயிரோடு திரும்பவில்லை. விசாரணையில் என்னைக் கேட்டார்கள். பொய் சொன்னேன். அந்தப் பொய் பழியைத் தூக்கிக்கொண்டு போய் இன்னொருவர் தலையில் வைத்தது. அவர் இன்றும் அதைச் சுமக்கிறார். என்னைத் தம்பி என்று கூப்பிடுகிறார்!

இதை உங்களிடம் சொல்கிறேன். அவரிடம் சொல்லியிருக்க வேண்டும். ஏன் சொல்லவில்லை என்று கேட்பீர்கள். கேளுங்கள்... நானும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன்.

இதில் வரும் பெயர்களை மாற்றியிருக்கிறேன். அவர்களுக்குச் சங்கடம் வரக்கூடாது என்று முதலில் எனக்கே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அது இல்லை. நீங்கள் யாராவது போய் அவரிடம் சொல்லிவிடக்கூடாதே என்ற பயம்தான். பாருங்கள், எப்படிப்பட்டவனிடமிருந்து இந்த வாக்குமூலத்தைக் கேட்கிறீர்கள் என்று!

என்னைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. பினாங்குத் தீவுக்கு எதிர்க்கரையில், தாசேக் கெலுகோர் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்தேன். தமிழ்ப் பள்ளியில் ஆறாம் வகுப்போடு படிப்பு நின்றது. யாரும் நிறுத்தவில்லை, நானே போகாமல் இருந்துவிட்டேன். லாரியில் மூட்டை ஏற்றினேன். ஒரு சீனர் கடையில் கோழி உரித்தேன். ஹொக்கியன் என்ற சீனப் பேச்சு அங்கே வந்தது. கரையோரக் கப்பல் ஒன்றில் சமையல் கையாளாகப் போய், வானொலி அறையில் எடுபிடியாக நின்று, அந்தக் கருவியைப் பிடித்துப் பேசக் கற்றேன். கப்பல் முதலாளி கடனில் மூழ்கியதும் எங்களைச் சம்பளமில்லாமல் கரையில் இறக்கிவிட்டார்கள். புக்கிட் தெங்காவில் ஒரு தொழிற்சாலையில் சேர்ந்தேன். நாள் முழுக்க ஒரே இடத்தில் நிற்க வேண்டியிருந்தது. நான்கு மாதத்துக்கு மேல் முடியவில்லை.

பினாங்குத் தீவுக்கு வந்து படகுத்துறைப் பலகையில் படுத்திருந்த நாள்களும் உண்டு. இரக்கத்துக்காக இதைச் சொல்லவில்லை. பசித்திருந்த காலத்தில் நான் பெரிய பொய் எதுவும் சொன்னதில்லை. வயிறு நிறைந்து, உட்கார ஒரு நாற்காலியும் கிடைத்த பிறகுதான் சொன்னேன்.

அந்த நாற்காலியைக் கொடுத்தவர் மிஸ் நாகரத்தினம்.

எண்பதுகளின் தொடக்கம் அது. அந்நாளில் புயல், வெள்ளம், பேரலை பற்றிய எச்சரிக்கைகள் எப்படி வந்தன தெரியுமா? ஒவ்வோர் அலுவலகமும் தன் மனம்போல எழுதியது. ஒன்று காற்றின் வேகத்தை எண்ணால் சொல்லும். இன்னொன்று 'கவனமாக இருக்கவும்' என்று மட்டும் சொல்லும். மூன்றாவது ஒரு பக்கம் ஆங்கிலத்தில் எழுதிவிட்டு எங்கே, எப்போது என்பதை விட்டுவிடும். அது மலாயிலும் சீனத்திலும் தமிழிலும் மாறிக் கரைக்கு வந்து சேர்வதற்குள், ஒரே காற்று மூன்று காற்றாகிவிடும். மலாய்க்காரர் படகைக் கட்டுவார்; சீனர் கடையைச் சாத்துவார்; தமிழர் குடையை எடுத்துக்கொண்டு வேலைக்குப் போவார்.

இதைச் சரிசெய்ய ஒரு குழு அமைத்தார்கள். எந்தக் குழு, யார் அமைத்தது என்பதெல்லாம் வேண்டாம். அதில் எல்லா வேலையையும் செய்தவர் மிஸ் நாகரத்தினம். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து குமாஸ்தா வேலை பார்த்த குடும்பம். கணக்குப் படித்தவர், பிறகு கணினி கற்றவர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. தீவிலேயே இருந்த கெலுகோரிலிருந்து ஒரு சின்னக் காரை மெதுவாக ஓட்டிக்கொண்டு வருவார். பின்னால் லாரிகள் வரிசையாக ஹாரன் அடிக்கும்.

அவர் எச்சரிக்கைக்கு ஒரு வடிவம் செய்தார். ஒரே ஒரு வரி. அந்த வரியில் பெட்டிகள். என்ன ஆபத்து, எங்கே, எப்போது தொடங்கும், எப்போது முடியும், எவ்வளவு கடுமை, மக்கள் என்ன செய்ய வேண்டும், யார் சொல்கிறார்கள்... ஒவ்வொரு பெட்டியிலும் ஓர் எழுத்து அல்லது ஓர் எண். அவ்வளவுதான். யார் அனுப்பினாலும் அதே பெட்டிகள், அதே வரிசை. டெலிபிரிண்டர் இயந்திரத்தில் அந்த வரி அச்சாகி வந்து விழும். வாசிப்பவன் கையில் ஓர் அட்டை இருக்கும். ஒவ்வோர் எழுத்துக்கும் உரிய வாக்கியம் மூன்று மொழிகளிலும் அதில் எழுதியிருக்கும். வரியைப் பார்த்து அட்டையை வாசித்தால் போதும். வாசிப்பவன் தன் மூளையைப் பயன்படுத்த வேண்டாம்.

பயன்படுத்தக் கூடாது. அதுதான் அதன் பலம். அதை அப்போது நான் புரிந்துகொள்ளவில்லை.

மூன்று மொழி பேசும் ஆள் தேவைப்பட்டது. வெல்ட் கீ படகுத்துறைப் பக்கம் யாரோ என்னைக் காட்டிவிட்டார்கள்.

"எத்தனையாம் வகுப்பு படிச்சனீர்?" என்று மிஸ் நாகரத்தினம் கேட்டார்.

"ஆறு, மிஸ்."

"ஹொக்கியன் தெரியுமோ?"

"சண்ட போடுற அளவுக்குத் தெரியும் மிஸ்."

சிரித்துவிட்டார். "அது போதும்" என்றார்.

இப்படித்தான் துறைமுகத்தைப் பார்த்த ஒரு கடைவீட்டின் மாடியறையில், ஒலிவாங்கிக்கு முன்னால் உட்கார்ந்தேன். ஒவ்வொரு துறைக்கும் தனித்தனி வாசிப்பவன். எங்கள் துறைக்கு நான். என் குரல் போய்ச் சேரும் பெட்டி, துறையில் காசிம் பாயின் கொட்டகையில் இருந்தது. அது கேட்க மட்டும்தான். அங்கிருந்து திருப்பிப் பேச முடியாது.

காசிம் பாய் சம்பான் என்ற சின்ன மோட்டார் படகு வைத்திருந்தார். ஆழத்தில் நங்கூரமிட்டு நிற்கும் கப்பல்களுக்குக் காய்கறி, இறைச்சி, சிகரெட் எல்லாம் கொண்டுபோய் ஏற்றுவது அவர் தொழில். கூட வேலை செய்தவன் ரசூல், அவர் மனைவி ஜமீலாவின் தம்பி. ரசூல் அதிகம் பேச மாட்டான். பேச வேண்டியதையெல்லாம் காசிம் பாயே பேசிவிடுவார்.

முதல் சோதனை ஒளிபரப்பு நடந்த நாள் எனக்கு மறக்காது. 'கடுங்காற்று, உடனே கரைக்குத் திரும்பவும்' என்று வாசித்தேன். சோதனைக்குத்தான். ஆனால் அது சோதனை என்று சொல்ல வடிவத்தில் இடமே இல்லை! துறையே அல்லோலகல்லோலப்பட்டது. ஒரு சீனப் பெரியவர் தன் பேரப்பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு கோயில் மாடிக்கு ஏறிவிட்டார். மறுநாள் புகார்மேல் புகார். மிஸ் நாகரத்தினம் தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தார்.

"கப்பல்ல உயிர்ப்படகுப் பயிற்சி நடக்கும் மிஸ்," என்றேன். "மணி அடிக்கிறதுக்கு முன்னாலயே சொல்லிடுவாங்க, இது பயிற்சின்னு. இல்லாட்டி பாதிப் பேரு தண்ணியில குதிச்சிருவான்."

அவர் நிமிர்ந்து பார்த்தார். அன்று மாலைக்குள் வரியின் தலையில் ஒரு புதிய பெட்டி சேர்ந்தது. அதில் 'பி' என்று வந்தால் மலாயில் பெனார், உண்மை. 'எல்' என்று வந்தால் லத்திஹான், பயிற்சி. அதைத்தான் எல்லாவற்றுக்கும் முன்னால் வாசிக்க வேண்டும்.

"இது உம்முடைய பெட்டி, காணும்," என்றார்.

என்னுடையது என்று சொல்லிக்கொள்ள அதுவரை எனக்கு ஒரு தகரப்பெட்டி மட்டுமே இருந்தது. எவ்வளவு பெருமைப்பட்டேன் தெரியுமா! அந்தப் பெட்டியைத்தான் பிறகு நான்...

வரிசையாகவே சொல்கிறேன்.

வாரத்துக்கு ஒரு தடவை பயிற்சி வாசிப்பேன். துறையில் அதை ஒரு வேடிக்கையாகக் கேட்பார்கள். மாலையில் காசிம் பாயின் கொட்டகைக்குப் போனால் எனக்கென்று ஒரு முக்காலி இருக்கும், தே தாரே என்ற நுரைத் தேநீர் வரும், மீன் வறுவல் இருந்தால் அதுவும் வரும். 'நம்ம வானொலி வந்துருச்சு' என்பார்கள். ஓர் இடத்துக்குப் போனால் நாலு பேர் தலை நிமிர்ந்து பார்ப்பது எப்படி இருக்கும் என்பதை முப்பது வயதுக்கு மேல்தான் அறிந்தேன்.

பிறகு முதல் உண்மையான எச்சரிக்கை வந்தது. முதல் பெட்டியில் 'பி'. வாசித்தேன். யாரும் கடலுக்குப் போகவில்லை. பகல் முழுக்க வெயில் அடித்தது. கடல் சோம்பிக் கிடந்தது. காத்திருந்த கப்பல் சரக்கை ஏற்றாமலே கிளம்பிப் போய்விட்டது.

மாலை கொட்டகைக்குப் போனேன்.

"வாங்க வாங்க! புயல் வந்துட்டாரு!" என்று காசிம் பாய் எழுந்து நின்று சலாம் வைத்தார். "டேய் ரசூல், சம்பான இழுத்துக் கட்டுடா, பறந்துறப் போவுது!"

"நான் என்ன பாய் செய்வேன், மேல இருந்து வந்தத வாசிச்சேன்."

"வந்தத வாசிச்சியா? ஒண்ணுமே வரலையேலா!"

கொட்டகை அதிர்ந்தது. "கூடை கூடையா காய்கறி அழுகிப் போச்சு. ஒன் மிஸ்ஸ வந்து கறி வைக்கச் சொல்லு" என்றார் இன்னொருவர். ரசூல்கூடச் சிரித்தான்.

அடுத்த மாதமும் ஒன்று வந்தது. அதுவும் எங்கள் பக்கம் வராமல் வடக்கே போய்விட்டது. அதற்குப் பிறகு என் பெயர் போய்விட்டது. தமிழர்கள் 'புயல்' என்றார்கள். சீனர்கள் 'ஹோங்தாய்' என்றார்கள், அதுவும் புயல்தான். தெருவில் நடந்தால் சின்னப் பிள்ளைகள் குடையை விரித்துக் காட்டினார்கள். கொட்டகையில் என் முக்காலியில் வேறு யாரோ உட்கார்ந்திருந்தார்கள். எழுந்து இடம் தரவில்லை.

நீங்கள் சிரிப்பீர்கள். இதற்காகவா? ஆம், இதற்காகத்தான்! கம்பு எடுத்து அடித்திருந்தால் தாங்கியிருப்பேன், நிறைய வாங்கியிருக்கிறேன். அந்தச் சிரிப்பைத் தாங்க முடியவில்லை.

மூன்றாவது எச்சரிக்கை வந்தபோது வரியில் 'பி' இருந்தது. கடுமை என்ற பெட்டியில் நடுத்தர எண். ஜன்னல் வழியே கடலைப் பார்த்தேன். அமைதி. அட்டையை எடுத்தேன். வாய் தானாகச் சொன்னது: "லத்திஹான்... இது பயிற்சி."

தானாகச் சொன்னது என்றா எழுதினேன்? இல்லை. நான் சொன்னேன். யோசித்துத்தான் சொன்னேன். அந்த யோசனை எவ்வளவு வசதியானது என்று பாருங்கள். காற்று வந்தால், 'நான்தான் சொன்னேனே' என்று இருந்துவிடலாம். வராவிட்டால், அது பயிற்சிதானே! எந்தப் பக்கம் விழுந்தாலும் என்மேல் மண் ஒட்டாது.

அன்று லேசான மழை மட்டும் பெய்தது. யாருக்கும் ஒன்றுமில்லை. அடுத்த தடவையும் அப்படியே செய்தேன். அதற்கடுத்த தடவையும்...

"இப்பதான்லா நீ ஒழுங்கா வாசிக்கிற," என்றார் காசிம் பாய். முக்காலி திரும்பி வந்தது.

மிஸ் நாகரத்தினம் இன்னும் சந்தோஷப்பட்டார். எங்கள் துறையிலிருந்து புகார்கள் நின்றுவிட்டன. "ஆக்கள் இப்ப நம்புகினம்," என்று குழுவின் முன்னால் என்னைக் காட்டிச் சொன்னார். "வடிவம் சரியாய் இருந்தால் நம்பிக்கை தானாய் வரும்." நான் பக்கத்தில் நின்று தலையாட்டினேன். என் திருட்டை அவர் தன் வடிவத்தின் வெற்றி என்று எண்ணிக்கொண்டிருந்தார்!

அந்தக் காலைக்கு வருகிறேன்.

சீனர்களுக்கு ஏதோ திருநாள். துறை பாதி வெறிச்சோடிக் கிடந்தது. டெலிபிரிண்டர் தட்டியது. முதல் பெட்டியில் 'பி'. மேற்கிலிருந்து கடுங்காற்று. கடுமையின் பெட்டியில் நான் அதுவரை பார்த்திராத பெரிய எண். உடனே கரை திரும்பவும்.

ஜன்னலுக்குப் போனேன். தீவுக்கும் எதிர்க்கரைக்கும் நடுவே கடல் கால்வாய் கண்ணாடிபோல் கிடந்தது. வடக்கே ஜெராய் மலை துடைத்து வைத்ததுபோல் தெரிந்தது. ஒரு மேகம் இல்லை.

ஆனால் நான் பார்த்தது கிழக்கும் வடக்கும். துறைமுகம் இருப்பது தீவின் கிழக்குக் கரை. மேற்கை முழுக்கத் தீவின் நடுவிலுள்ள கொடிமலை மறைத்துக்கொண்டிருக்கிறது. சுமத்ரா பக்கமிருந்து விடிகாலையில் கிளம்பும் காற்று மலைக்குப் பின்னாலிருந்துதான் வரும். தலைக்குமேல் வந்த பிறகுதான் துறையில் நிற்பவனுக்குத் தெரியும். இது எனக்குத் தெரியாதா? கப்பலில் இருந்தவன்! அந்தக் காற்றில் ஒரு தடவை சமையலறைத் தரையில் கொதிநீரோடு உருண்டவன்! தெரியும். நன்றாகத் தெரியும்.

இன்னொன்றும் தெரியும். அன்று பகலில் கிளம்பும் ஒரு பெரிய கப்பலுக்குக் காசிம் பாய்க்குச் சரக்கு கிடைத்திருந்தது. இரண்டு வாரமாக அதைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார். சம்பானில் எல்லாம் ஏற்றியாகிவிட்டது. "இன்னைக்கு மட்டும் ஒன் புயல வூட்டுலயே கட்டிப் போட்டுரு தம்பி" என்று முந்தின நாள் மாலை சொல்லியிருந்தார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

ஒலிவாங்கியின் பொத்தானை அழுத்தினேன். "லத்திஹான், லத்திஹான்... இது பயிற்சி" என்று வாசித்தேன். மூன்று மொழிகளிலும் வாசித்தேன். தெளிவான குரலில்.

துறையில் காசிம் பாய் வெளியே வந்து, நின்றிருந்த நாலைந்து பேருக்குக் கையசைத்து, "லத்திஹான்தான்லா!" என்று கத்தினாராம். பிறகு ரசூல் கயிற்றை அவிழ்த்தான்.

ஒரு சிகரெட் பிடித்து முடித்திருப்பேன். ஜன்னல் கதவு தானாக அடித்துச் சாத்திக்கொண்டது. திறந்தபோது அடுத்த கூரையின் தகரம் எழும்பி எழும்பி விழுந்தது. வானம் பின்னாலிருந்து கறுத்து வந்து தலைக்குமேல் மூடியது. மழை ஒரு சுவர்போல நகர்ந்து வந்து கால்வாயை விழுங்கியது. எதிர்க்கரை இல்லை, கப்பல்கள் இல்லை, ஒன்றும் இல்லை.

ஒலிவாங்கியைப் பாய்ந்து எடுத்தேன். 'பெனார்' என்று ஒரு சொல்... சொல்லவில்லை. பிற்பாடு எனக்கு நானே ஒரு காரணம் சொல்லிக்கொண்டேன்: பெட்டி இருப்பது கொட்டகையில், அவர்கள் இருப்பது தண்ணீரில், சொன்னாலும் கேட்காது. உண்மைதான். ஆனால் அந்த நொடியில் நான் அதை நினைக்கவில்லை. இப்போது 'பெனார்' என்றால், முன்பு சொன்னது பொய் என்று எல்லோருக்கும் தெரிந்துவிடுமே என்றுதான் நினைத்தேன்.

சம்பான் கவிழ்ந்தது. காசிம் பாயை ஓர் இழுவைப் படகு தூக்கியது. காலித் தகர டின் ஒன்றைக் கட்டிப் பிடித்திருந்தார். கையைப் பிரிக்க முடியவில்லை என்றார்கள். ரசூலின் உடலை மறுநாள் எதிர்க்கரையில் பிறை என்ற ஊர்ப் பக்கம் கண்டெடுத்தார்கள். அவனுக்கு ஒரு பெண் குழந்தை. அப்போதுதான் பள்ளிக்குப் போகத் தொடங்கியிருந்தாள்.

விசாரணை வைத்தார்கள். தலைமையிடம் அனுப்பிய வரியில் 'பி' இருந்தது. அதில் யாருக்கும் சந்தேகமில்லை. மற்றத் துறைகளில் சரியாக வாசித்திருந்தார்கள். அங்கெல்லாம் படகுகள் கரையிலேயே நின்றன. எங்கள் துறையில் வானொலிப் பெட்டிக்கு அருகில் இருந்தவர் காசிம் பாய் ஒருவரே. மற்றவர்கள் எல்லோரும், "பாய்தான் லத்திஹான்னு சொன்னாரு" என்றார்கள். காசிம் பாய், "என் காதுல அப்படித்தான் விழுந்துச்சு" என்றார்.

என் பக்கம் திரும்பினார்கள்.

குரலுக்குப் பதிவு இல்லை. என் அறையில் என்னைத் தவிர ஆள் இல்லை. அந்த மேசையில் உட்கார்ந்திருந்தவர்களின் முகங்களைப் பார்த்தேன். பெரிய படிப்பாளிகள். யாரும் என்னைச் சந்தேகிக்கவே இல்லை. அவர்களுக்கு ஒரு விளக்கம் வேண்டும், அவ்வளவுதான். கொடுத்தேன்.

"நான் சரியாத்தான் வாசிச்சேன் சார். ஆனா உண்மையா பயிற்சியாங்கிறது இந்த வடிவத்துல ஆரம்பத்துல ஒரு தடவதான் வரும். வானொலிப் பெட்டிய லேட்டா தொறந்தா அது போயிரும். வாரா வாரம் பயிற்சி கேட்டுப் பழகின ஆளு... இதையும் பயிற்சின்னு நெனச்சிருப்பாரு."

ஒருவர் மெல்லத் தலையசைத்தார். இன்னொருவர் எழுதிக்கொண்டார்.

நான் காசிம் பாயைப் பார்க்காமல் இருக்க முயன்றேன். பார்த்துவிட்டேன். அவர் முகத்தில் கோபம் வந்திருந்தால், எழுந்து 'பொய்' என்று கத்தியிருந்தால்... ஒருவேளை நான் உடைந்திருப்பேன். அவர் கத்தவில்லை. புருவத்தைச் சுருக்கித் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். யோசித்துக்கொண்டிருந்தார்!

வெளியே வந்ததும் மிஸ் நாகரத்தினம் என்னை ஓரமாக அழைத்தார்.

"நீர் முதல் பெட்டியை வாசிச்சனீர்தானே?"

"வாசிச்சேன் மிஸ்."

ஒரே ஒரு தடவைதான் கேட்டார். கணக்குப் படித்தவர், விடை கிடைத்தால் அதை வைத்து அடுத்த வரிக்குப் போகிறவர். "அப்ப பிழை என்னுடையது," என்றார். "ஒருக்கால் மட்டும் சொன்னது பிழைதான். கடைசியிலும் சொல்ல வைச்சிருக்க வேணும்." முதல் பெட்டியை வரியின் முடிவிலும் திரும்ப வரும்படி மாற்றி, இரவு பகலாக உட்கார்ந்து புதிதாகச் செய்து கொண்டுபோனார். குழு அதைப் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை. குழப்பம் தரும் வடிவம் என்று மூடிவிட்டார்கள். மறுபடியும் ஒவ்வோர் அலுவலகமும் தன் மனம்போல எழுதத் தொடங்கியது.

நல்ல வேலை அது. ஒரு குறையும் இல்லாத வேலை. அதைக் கொன்றதும் நான்தான்.

அறையைக் காலி செய்த நாளில் அவர் என்னிடம் சொன்ன கடைசிச் சொல்: "மனசைப் போட்டு வருத்தாதையும். உம்மில பிழையில்லை." பிறகு வீட்டில் பிள்ளைகளுக்குக் கணக்கு சொல்லிக்கொடுத்துக்கொண்டு இருந்ததாகக் கேள்வி. அந்தத் தெருப்பக்கம் நான் போகவில்லை.

காசிம் பாய் என் அறைக்கு வந்தது அதற்குச் சில நாள் கழித்து. படியேறி வந்து மூச்சு வாங்கினார். தண்ணீர் கொடுத்தேன். குடிக்கவில்லை.

"தம்பி, ஒண்ணு கேக்கிறேன். மறைக்காம சொல்லு. நான் லேட்டாவா தொறந்தேன்?"

அவர் குடிக்காத தண்ணீரை வாங்கி மேசையில் வைத்தேன்.

"லத்திஹான்னு காதுல விழுந்துச்சு தம்பி. ஒன் கொரல்லயே விழுந்துச்சு. அல்லா மேல ஆணையா விழுந்துச்சு. ஆனா சரக்கு ஏத்துற அவசரத்துல இருந்தேன்... ஜமீலா நாளைக்கு நூறு தடவ கேக்குறா, என் தம்பிய ஏன் கூட்டிட்டுப் போனேன்னு. நான் என்னத்த சொல்ல?"

ஒரு சொல் போதும். 'விழுந்தது பாய், நான்தான் சொன்னேன்.' வாய்வரை வந்தது. அவர் நரம்பு புடைத்த கைகளைப் பார்த்தேன். அடிப்பார் என்று பயந்தேனா? இல்லை. அடிக்காமல் போய்விடுவாரே என்று பயந்தேன். கொட்டகையில் எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்க்கும் அந்தப் பார்வையைப் பயந்தேன்.

"வாரா வாரம் கேட்டுப் பழகின சொல்லு பாய்," என்றேன். "காதுலயே நிக்கும். லேட்டாத்தான் தொறந்திருப்பீங்க."

"அப்படித்தான் போல," என்றார். படியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு இறங்கிப் போனார்.

அதற்குப் பிறகு ஜமீலா பிள்ளைகளோடு தாய் வீட்டுக்குப் போய்விட்டார். துறையில் காசிம் பாயோடு பேச்சுக் குறைந்தது. வேறொரு சம்பான் வாங்கப் பணமில்லை, கூடப் போக ஆளில்லை. படகுத்துறைக்கு வெளியே ஒரு தள்ளுவண்டியில் கச்சான், வறுத்த கடலை விற்க உட்கார்ந்தார். வருகிறவர்கள் காற்று மழை பற்றிப் பேச்செடுத்தால், "எனக்கு அதெல்லாம் தெரியாது" என்பாராம்.

நான் ஊரைவிட்டுக் கிளம்பினேன். கிள்ளானில் இருந்தேன், ஜோகூரில் இருந்தேன். எங்கேயும் நிற்கவில்லை. அதற்குக் குற்ற உணர்ச்சி காரணம் என்று எழுதினால் நன்றாக இருக்கும். முன்பும் நான் எங்கேயும் நின்றதில்லை. ஆண்டுகள் கழித்துத் திரும்பினேன். வேலை இங்கே கிடைத்தது, அவ்வளவுதான்.

சென்ற மாதம் ரசூலின் மகளுக்குக் கல்யாணம். ரசூலின் மனைவி மைமூன் என்னைத் தேடிப் பிடித்துப் பத்திரிகை கொடுத்தார். "நீங்க கட்டாயம் வரணும்ணே," என்றார். "அன்னைக்கு நீங்க சரியா சொன்னீங்க. கேக்க வேண்டிய மனுஷன் கேக்கல. அது எங்க விதி."

போகாமல் இருந்திருக்கலாம். போனேன்!

சூலியா தெருவுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன மண்டபம். என்னை முன்வரிசையில் உட்காரவைத்தார்கள். "இவருதான் அன்னைக்கு எச்சரிக்கை குடுத்தவரு" என்று மாப்பிள்ளை வீட்டாருக்குக் காட்டினார்கள். பிரியாணி வைத்தார்கள். சாப்பிட்டேன். மறுசோறு போட்டார்கள். அதையும் சாப்பிட்டேன். சோறு தொண்டையில் இறங்கவில்லை என்று உங்களுக்குச் சொல்ல ஆசையாக இருக்கிறது. இறங்கியது.

வெளியே வந்தேன். எதிர்ச்சாரியில், மூடியிருந்த ஒரு கடையின் நடைபாதையில் காசிம் பாய் நின்றிருந்தார். சலவை செய்த வெள்ளைச் சட்டை, தலையில் தொப்பி. அவரை அழைக்கவில்லை.

"தம்பி! இங்க வா," என்று மெல்லக் கூப்பிட்டார். "பொண்ணு எப்படி இருந்துச்சு? ரசூல் ஜாட இருக்கா?"

"இருக்கு பாய். கண்ணு அப்படியே அவன்தான்."

"சிரிச்சுச்சா?"

"சிரிச்சுச்சு."

"ஜமீலா?"

"இருக்காங்க. அடுப்படிப் பக்கம்."

தலையாட்டினார். சட்டைப் பையிலிருந்து ஒரு சின்னச் சிவப்புப் பையை எடுத்தார். நகைக்கடைப் பை. உள்ளே மெல்லிய கைச்சங்கிலி ஒன்று. கச்சான் விற்று அதை எப்படி வாங்கினார் என்று நான் கேட்கவில்லை.

"இத உள்ள குடுத்துரு. நீ குடுத்ததா சொல்லு. என் பேரச் சொன்னா திருப்பி வீசிருவாங்கலா."

"பாய்..."

"போ தம்பி. நீ குடுத்தா வாங்கிக்குவாங்க."

இதுதான் நேரம். இதைவிட நேரம் எனக்கு வராது. தெருவில் நாங்கள் இருவர் மட்டும். அவர் முகம் என் முகத்துக்கு அவ்வளவு அருகில் இருந்தது. நான் பையை வாங்கிக்கொண்டு தெருவைக் கடந்து உள்ளே போனேன்.

மைமூன் பையைத் திறந்து பார்த்துக் கண் கலங்கினார். "இவ்வளவு எதுக்குண்ணே... யாருண்ணே எங்களுக்கு இப்படிச் செய்வா..." என்றார். பெண்ணை அழைத்து அவள் கையில் அதை அவரே மாட்டிவிட்டார்.

"மாமாவுக்கு சலாம் சொல்லும்மா."

அத்தையின் கணவரை அவள் அழைத்திருக்க வேண்டிய சொல் அது. அவர் எதிர்ச்சாரியில் நின்றுகொண்டிருந்தார். வாசல் வழியாகப் பார்த்தால் தெரியும்.

அந்தப் பெண் கையை உயர்த்தி, "அஸ்ஸலாமு அலைக்கும் மாமா" என்றாள்.

நான் பதில் சொன்னேன்.